ஒரு வேலைக்கு ஒரு ஆள்

நிதானம் என்று அவருக்குப் பட்டம் கட்டியது அவருடைய மச்சான்தான். இரண்டு பேரும் ஒரே லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக். அக்கா புருஷனைக் கிண்டல் செய்ய மச்சானுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? "எங்க அத்தான் ஒரு ஸ்க்ரூவைக் கழட்டுறதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்துருவேன்" என்பான். அத்தான் காதில் விழாதவர் போல ஸ்க்ரூவைத் துடைத்து, விரித்த துணியின் மேல் வரிசையாக வைப்பார். அவருக்குச் சட்டென்று கோபம் வராது. வந்தாலும் நிதானமாகத்தான் வரும். அதற்குள் எதற்குக் கோபப்பட வேண்டும் என்பதே எல்லோருக்கும் மறந்து போயிருக்கும்.

நான் அதே கம்பெனியில் புகார் எடுக்கிறவள். போன் வரும். எந்தக் கட்டடம், எந்த மாடி, உள்ளே ஆள் மாட்டியிருக்கிறாரா என்று கேட்டு எழுதிக்கொண்டு மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். பதினோரு வருஷம் அந்த நாற்காலியைத் தேய்த்திருக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று பெயர். ஆனால் திறக்க வேண்டிய நேரத்தில் அந்த வாய் திறக்கவில்லை. அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

நிதானத்தின் வேலையைப் பற்றி ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும். நாங்கள் பார்த்த கட்டடங்களில் பாதிக்கு மேல் பழைய லிஃப்ட். கையால் இழுத்துத் திறந்து, கையால் சாத்துகிற கதவு. ஏதோ ஒரு மாடியில் கதவு சரியாகச் சாத்தவில்லை என்றாலும் லிஃப்ட் நகராது. நின்ற இடத்தில் நிற்கும். எந்த மாடிக் கதவில் கோளாறு என்று கண்டுபிடிக்க, மெக்கானிக் மொட்டைமாடிக்குப் பக்கத்தில் இருக்கும் மெஷின் ரூமுக்குப் போய், பேனலைத் திறந்து, ஒரு சாண் நீளச் சிவப்பு ஒயரைக் கிளிப் போட்டு மாட்டுவார். அதற்கு ஜம்பர் என்று பெயர். அது மாட்டியிருக்கும் வரை, எல்லாக் கதவும் சாத்தியிருப்பதாக லிஃப்ட் நம்பிக்கொள்ளும். கோளாறைச் சரிசெய்ததும் ஒயரை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் லிஃப்டுக்கு ஒன்றும் ஆகாது, நன்றாகவே ஓடும். கதவு திறந்திருந்தாலும் ஓடும். ஒருவர் ஒரு காலை உள்ளே வைத்து இன்னொரு காலை வெளியே வைத்திருக்கும்போது மேல்மாடியில் யாராவது பட்டனை அழுத்தினாலும் ஓடும்.

நிதானத்திடம் நாலு ஜம்பர் இருந்தன. வேலை முடிந்ததும் மச்சான் மெஷின் ரூம் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பான். "எத்தனை?" என்று கேட்பான். அத்தான் நாலையும் விரலில் தொங்கவிட்டுக் காட்டி, "நாலு" என்பார். அதற்குப் பிறகுதான் கதவைப் பூட்டுவார்கள். எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது இல்லை. அவர்களாகவே வைத்துக்கொண்ட பழக்கம். மழையானாலும், பசி வயிற்றைக் கிள்ளினாலும், இருவருக்குள் பேச்சுவார்த்தை இல்லாத நாளானாலும் அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும் மட்டும் தப்பாது.

அப்புறம் புது மேனேஜர் வந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் நிமிஷம். ஆள் கத்த மாட்டார். கத்தியிருந்தால் நாங்களும் திருப்பிக் கத்தியிருப்போம். மெல்லிய குரலில், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தபடி, "இந்த வேலைக்கு ஏன் அறுபத்தி மூணு நிமிஷம்?" என்று கேட்பார். வந்த இரண்டாவது மாதமே ஜோடியாக அனுப்புவதை நிறுத்தினார். "ஒரு வேலைக்கு ஒரு ஆள். அதுவே அதிகம்" என்றார். எல்லோருடைய போனிலும் ஒரு கடிகாரம் ஏற்றினார். கட்டடத்துக்குள் நுழைந்ததும் ஓட ஆரம்பிக்கும், முப்பதாவது நிமிஷத்தில் கத்தும், நாற்பதைத் தாண்டினால் சிவப்பாகும். சாயங்காலம் ஆறு மணிக்கு யார் முதல், யார் கடைசி என்ற பட்டியல் எல்லோர் போனுக்கும் வரும். நிதானத்தின் பெயர் தினமும் கடைசியில், சிவப்பில் இருக்கும்.

மச்சான் அந்த வாரமே வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். "மேல ஒருத்தன், கீழ ஒருத்தன் இருந்து பாக்குற வேலைக்குத்தான் நான் வந்தேன். தனியா செத்துக் கிடந்தா எங்க அக்காவுக்குத் தகவல் சொல்லக்கூட ஆள் இருக்காது" என்று நிமிஷத்தின் முகத்துக்கு நேராகவே சொன்னான். அத்தானையும் கூப்பிட்டான். அவருக்கு ஐம்பத்தொரு வயது. மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். "இந்த வயசுல என்னை யாருடா எடுப்பா?" என்று சொல்லிவிட்டு ஒயர்ப் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போனார்.

அடுத்து ஆறடி. உயரமானவன், நல்ல வேலைக்காரன். ஒரு நாள் லிஃப்ட் குழிக்குள் ஸ்பேனர் விழுந்துவிட்டது. அவனே அதை ஆபீசுக்குத் தெரிவித்தான். நிமிஷம் அதை எழுதி வாங்கி, திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து வாசிக்கச் சொன்னார். "என் கவனக்குறைவால்" என்ற இடத்தில் அவன் குரல் உடைந்தது. நிமிஷம் மெல்லிய குரலில், "அந்த வரியை இன்னொரு தடவை" என்றார். நாங்கள் பத்துப் பேர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நானும்தான். ஏழு நாளில் ஆறடி போய்விட்டான்.

அன்றிலிருந்து எங்கள் கம்பெனியில் யாரும் தப்பே செய்யவில்லை. அதாவது, சொல்லவில்லை. "தவறுகள்: பூஜ்யம்" என்று கட்டம் போட்டு நிமிஷம் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். கட்டம் போட்ட காகிதத்தில் எங்களைப் போலச் சுத்தமானவர்கள் உலகத்திலேயே இல்லை. பதினொரு மெக்கானிக் ஐந்தானார்கள். போனவர்களின் கட்டடங்களை இருப்பவர்களுக்குப் பங்கு போட்டது என் கைதான். போன் மணி அடித்தால் உடம்பு தூக்கிப் போடும். வீட்டில் என் தங்கை பின்னால் வந்து தோளைத் தொட்டாலே பதறிப்போவேன்.

அந்தப் புதன்கிழமை நிதானத்துக்கு ஏழு வேலை. மூன்றரை மணிக்கு ஏழாவது கட்டடத்திலிருந்து போன் செய்தார்.

"தங்கச்சி, மூணுதான் இருக்கு."

எனக்கு உடனே புரிந்தது.

"பையில, சட்டையில எல்லாம் பாத்தீங்களாண்ணே?"

"எல்லாம் கொட்டிப் பாத்துட்டேன். இன்னைக்குப் பாத்த ஆறுல எங்கயோ ஒண்ணுல மாட்டிக்கிட்டு இருக்கு. எதுலன்னு தெரியல. சார்கிட்டச் சொல்லி ஆறையும் நிறுத்தச் சொல்லும்மா. நான் ஒவ்வொண்ணாப் போறேன்."

கண்ணாடி அறைக்குள் போய்ச் சொன்னேன். நிமிஷம் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"எந்த பில்டிங்?"

"தெரியல சார். ஆறுல ஒண்ணு."

"தெரியாத ஒண்ணுக்காக ஆறு கஸ்டமர்கிட்ட நம்ம தப்பை நாமே சொல்லணுமா? அவர் போய் எடுத்துட்டு வரட்டும். கையில இருக்கிற வேலையை முடிச்சுட்டு."

"சார், கதவு திறந்திருந்தா கூட லிஃப்ட் போகும். அதுல ஒண்ணு கண் ஆஸ்பத்திரி."

இப்போதுதான் என்னைப் பார்த்தார். கோபம் இல்லாத பார்வை. அதுதான் எனக்கு எப்போதும் பயம். "நீங்க யாருக்கும் போன் பண்ண வேண்டாம். அவர்கிட்ட எழுத்துல வாங்குங்க, திங்கட்கிழமை பாத்துக்கலாம்" என்றார்.

வெளியே வந்தேன். புகார் நோட்டைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு பின்பக்கப் படிக்கட்டுக்குப் போனேன். திருடியைப் போலத்தான் போனேன். வேலை போனால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் மனசு கணக்குப் போட்டது. இன்னொரு பக்கம், கண்ணில் கட்டுப் போட்ட யாரோ ஒருவர் கதவுக்குள் கால் வைக்கிறார். என் சொந்தப் போனிலிருந்து ஒவ்வொரு கட்டடமாக அழைத்தேன். காவலாளிகளிடம் பொய் சொன்னேன். "லைன்ல கரண்ட் ஏறி இறங்குதாம், லிஃப்ட் மெயினை ஆஃப் பண்ணுங்கண்ணே. எங்க ஆளு வர்ற வரைக்கும் போடாதீங்க." ஐந்து பேரும் மறுபேச்சுப் பேசாமல் அணைத்தார்கள். லிஃப்ட் கம்பெனிக்காரி சொன்னால் கேட்பார்கள். அவ்வளவு சுலபமாக இருந்தது அது.

ஆறாவது கண் ஆஸ்பத்திரி. லைன் கிடைக்கவில்லை. மறுபடி. மறுபடி. ஐந்தாவது தடவை வரவேற்பில் இருந்த பெண் எடுத்தாள்.

"லிஃப்ட் நல்லாத்தாங்க ஓடுது. காலையிலதான் உங்க ஆளு சரி பண்ணிட்டுப் போனாரு."

"தெரியும்மா. இப்ப ஆஃப் பண்ணணும்."

"டாக்டரைக் கேக்காம முடியாதுங்க. மேல ஆபரேஷன் நடக்குது. முடிஞ்சவங்களைக் கீழ கூட்டிட்டு வர்றாங்க."

"இப்ப லிஃப்ட் பக்கத்துல யாராவது நிக்கிறாங்களா, பாரு."

"ஒரு அம்மா ஏறப் போறாங்க" என்றாள். ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு யாருக்கோ பதில் சொல்லப் போய்விட்டாள்.

அந்த நேரத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கம்பிக் கதவை இழுக்கும் சத்தம் கேட்டது. யாரோ "மெதுவா, மெதுவா, படி இருக்கு" என்று ஒருவரை நடத்திக்கொண்டு போவது கேட்டது. மேலே எங்கேயோ யாரோ பட்டனை அழுத்தக் கை தூக்குகிறார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. "ஏறாதீங்க" என்று படிக்கட்டில் நின்று கத்தினேன். மேஜைமேல் கிடக்கும் ரிசீவருக்குள் நான் கத்துவது யார் காதில் விழும்? தடதடவென்று ஓடிவரும் காலடிச் சத்தம். பிறகு, "அம்மா, ஏறாதீங்க, அப்படியே நில்லுங்க" என்று ஒரு குரல். நிதானத்தின் குரல். ஆறில் முதலில் அங்கேதான் போயிருக்கிறார். இந்த வேலையில் அவருக்கு இருபத்திரண்டு வருஷம், அவர் ஓடி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கால் மணி நேரம் கழித்து, மெஷின் ரூமிலிருந்து பேசினார். "இங்கதான் இருந்துச்சு. எடுத்துட்டேன்."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலல்லண்ணே?"

"ஆகல. மேல வந்து பாத்தேன். இந்த மெஷின்ல எத்தனை தடவை ஓடுச்சுன்னு எண்ணுற மீட்டர் இருக்கு. காலையில வந்தப்ப அந்த நம்பரை எழுதி வச்சிருக்கேன். இப்ப பாத்தா இருநூத்திப் பதினாலு கூட இருக்கு."

இருநூற்றுப் பதினாலு தடவை அந்த லிஃப்ட் கதவைப் பற்றிக் கவலைப்படாமல் ஏறி இறங்கியிருக்கிறது. இருநூற்றுப் பதினாலு தடவையும் யாரோ சரியாகக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள், அல்லது யாருடைய காலோ சரியான நேரத்தில் உள்ளே வந்திருக்கிறது. எங்கள் கெட்டிக்காரத்தனத்தால் யாரும் பிழைக்கவில்லை.

காலையில் ஏன் மறந்தார் என்று யோசித்து என் போனைப் பார்த்தேன். பத்தே கால். அவர் பேனலுக்குள் கையை விட்டிருந்த நேரம். அவர் போனில் கடிகாரம் கத்தப்போகும் நேரம். "அண்ணே, அடுத்த இடத்துல ஆள் மாட்டியிருக்காங்களாம், சார் கேட்டுக்கிட்டே இருக்காரு, சீக்கிரம் கிளம்புங்க" என்று சொல்லிய அழைப்பு. அழைத்தது நான்தான். அவசர அவசரமாகப் பேனலைச் சாத்தியிருப்பார். "எத்தனை?" என்று கேட்க வாசலில் ஆள் இல்லை.

அன்று ஆறு மணிக்குப் பட்டியல் வந்தது. முதல் இடம்: நிதானம். கண் ஆஸ்பத்திரி, முப்பத்தொரு நிமிஷம். பச்சை நிறத்தில், பக்கத்தில் கட்டைவிரல் தூக்கிய ஒரு கை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவர் முதலில் வந்திருந்தார்.

திங்கட்கிழமை வாசிக்கச் சொன்னார்கள். எழுதிக் கொண்டுவந்த தாளை அவர் தட்டுத் தடுமாறாமல் வாசித்தார். எந்த நேரம் மாட்டினேன், எந்த நேரம் எடுத்தேன், நடுவில் இருநூற்றுப் பதினாலு தடவை லிஃப்ட் ஓடியது என்று எல்லாமே அதில் இருந்தது.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலல்ல?" என்றார் நிமிஷம்.

"இல்ல சார்."

"அப்ப அந்த நம்பர் வேண்டாம். அதை அடிச்சுட்டுக் கொடுங்க, பைல்ல வைக்கணும்."

நிதானம் பேனாவைத் திறந்து, தாளை மேஜையில் வைத்து, அந்த வரியை அளவாக, ஒரே கோட்டில் அடித்தார். அதைக் கொடுத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து அதன்மேல் வைத்தார். வேலையை விடுகிறேன் என்று எழுதியிருந்தது. நிமிஷம் படித்துவிட்டு, "ஒரு மாசம் நோட்டீஸ் கொடுக்கணும்" என்றார். "முடியாது சார்" என்றார் நிதானம். அவர் யாரிடமும் முடியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

படிக்கட்டில் ஓடிப்போய்ப் பிடித்தேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீங்க ஏண்ணே போகணும்? தப்பு உங்க மேலயா? ரெண்டு பேர் செய்யற வேலைக்கு ஒருத்தரை அனுப்பினது அவரு. அவசரப்படுத்தினது நான். ஞாபகம் வந்ததும் நீங்க சொன்னீங்க. ஓடிப்போய் எடுத்தீங்க. உங்களை விட்டா இங்க யாரு இருக்கா?"

அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூணரைக்கு ஞாபகம் வரல தங்கச்சி."

"அப்புறம்?"

"ஒரு மணிக்கே தெரியும். சாப்பிட உக்காந்தப்ப பையைத் திறந்தேன். மூணுதான் இருந்துச்சு."

நான் இரண்டு படி இறங்கி அவருக்கு முன்னால் வந்து நின்றேன்.

"போனைக் கையில எடுத்தேன். ஆறடி நின்னு வாசிச்சது கண்ணு முன்னாடி வந்துச்சு. யாருக்கும் தெரியாம சாயங்காலமாப் போய் எடுத்துரலாம்னு போனை உள்ள வச்சுட்டேன். சாப்பிட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு கட்டடத்துல வேலையும் செஞ்சேன். ரெண்டரை மணி நேரம். ஏழாவது கட்டடத்துல லிஃப்ட் கதவைத் திறந்தேன், கால் உள்ள போக மாட்டேன்னுடுச்சு. அப்பதான் உனக்கு அடிச்சேன். முதல் நாலுல ஒண்ணுன்னு சொன்னா ஒரு மணிக்கே தெரியும்னு ஆயிரும், அதான் ஆறுன்னு சொன்னேன்."

கீழே தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் என்னைப் பார்க்காமல் அவற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இருபத்திரண்டு வருஷம் லிஃப்டுக்குப் பயந்துதான் வேலை பாத்தேன். அந்தப் பயம் இருந்ததாலதான் யாருக்கும் எதுவும் ஆகல. அன்னைக்கு அந்தப் பயம் எனக்கு வரல. சாருக்குத்தான் பயந்தேன். அவரு பக்கத்துலகூட இல்ல. நான் தனியா உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். அப்பவும் அவருக்குத்தான் பயந்தேன். இப்படி ஆயிட்டவனை எந்த மெஷின் ரூமுக்கும் அனுப்பக் கூடாதும்மா. நீயும் அனுப்பாதே."

இருங்கள் அண்ணே, போகாதீர்கள் என்று கெஞ்சத்தான் அவர் பின்னால் ஓடிவந்தேன். அதைச் சொல்லவில்லை. வழியை விட்டு ஒதுங்கி நின்றேன், அவர் ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.